தட்டுல வந்த நட்சத்திர நோட்டு

அண்ணே, அத மடிக்காதீங்க. கண்டக்டரு மிச்சம் குடுத்தாருல்ல, அந்த எரநூறத்தான் சொல்றேன். மடிச்சுப் பையில போட்டுட்டா அப்புறம் அது உங்க நோட்டு. கையில இருக்கிற வரைக்கும் அவரு நோட்டு. இந்தா, என் ஜன்னல் பக்கமா ஒரு தடவ வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. கூச்சப்படாதீங்க. அவரு பாத்தா பாத்துட்டுப் போறாரு.

வெள்ளையா இருக்கிற எடத்துல காந்தி நிழலாத் தெரியிறாரா? பக்கத்துலயே எரநூறுன்னு எண்ணும் நிழலாத் தெரியணும். ம். இப்பச் சாச்சுப் பாருங்க. நடுவுல ஓடுற இழை பச்சையா இருந்தது நீலமாகுதா? ஆகுதுல்ல. இப்ப ஓரத்துல வெரல வெச்சுத் தடவுங்க. மேடா, கோடு கோடாத் தட்டுப்படும். கண்ணு தெரியாதவுக தடவிக் கண்டுபிடிக்கிறதுக்குப் போட்டது அது. இருக்கா? சரி, வெச்சுக்கங்க. ஆனா எறங்குன ஒடனே ஒரு டீயக் குடிச்சு மாத்திருங்க. எல்லாம் சரியா இருக்கிற நோட்ட நான் நம்புறதில்ல.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க ஊர்லயும் சிரிச்சாய்ங்க.

எம்பேரு வீரணன். உசிலம்பட்டிக்கு அங்கிட்டு ஊரு. சந்தையில ஆட்டுத் தரகு. துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுவோம், பாத்துருப்பீங்க. வாயி மழை பெய்யுமாங்கிறதப் பத்திப் பேசும், வெரலு வெலயப் பேசும். ஆட்டப் பிடிச்சேன்னு வைங்க, பல்லப் பாப்பேன், முதுக அமுக்குவேன், வாலடியத் தொட்டுப் பாப்பேன். கெழட்டு ஆட்டக் குட்டின்னு எவனும் எங்கிட்ட விக்க முடியாது. ஆட்டுல ஏமாந்ததே இல்ல. நோட்டுலதான் ஏமாந்தேன்.

போன தீவாளிக்கு ஒருத்தன் வந்தாண்ணே. வெள்ள வேட்டி, கழுத்துல ருத்ராச்சம், பேச்செல்லாம் "அப்படிங்களாய்யா, ஆகட்டுங்கய்யா"ன்னு தேனு. ரெண்டு கெடா வாங்குனான். அவன் குடுத்த கத்தையில பாதி வெறும் காகிதம். ஆட்டுக்காரங்கிட்ட நாந்தான வாங்கிக் குடுத்தேன், நாந்தான் ஈடு கட்டுனேன். அன்னைக்கிருந்து வெள்ள வேட்டியக் கண்டா மொதல்ல என் பையத் தொட்டுப் பாத்துக்குவேன். நீங்களும் வெள்ள வேட்டிதான். அதான் மொதல்லயே உங்க நோட்டப் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க.

அதுக்கப்புறம் சந்தையில பேங்குக்காரவுக மைக்க வெச்சுக் கூட்டம் போட்டாக. ஒரு ஆபீசரு வந்தாரு. ஒல்லி, கண்ணாடி, பேசும்போது மைக்க முழுங்கிருவாரோன்னு இருந்துச்சு. இப்படித்தான் பேசுவாரு, கேளுங்க: "பொதுமக்களே... தொட்டுப் பாருங்கள்... சாய்த்துப் பாருங்கள்... வெளிச்சத்தில் பாருங்கள்..." பக்கத்துல ஒரு வெள்ளாடு மே-ங்குது. இவரு, "நன்றி"ங்கிறாரு. சந்தையே சிரிச்சு உருண்டுச்சு.

ஆனா நான் கவனமாக் கேட்டேன். காந்தி படம், அசோகத் தூணு, ரெண்டும் தொட்டா சொரசொரன்னு இருக்கணும். இழை நெறம் மாறணும். அஞ்நூறு நோட்டுன்னா கீழ போட்டிருக்கிற எண்ணும் சாச்சா பச்சையில இருந்து நீலமாகணும். நம்பரு இருக்கு பாருங்க, அது சின்னதா ஆரம்பிச்சுப் போகப் போகப் பெருசாகணும். ஓரத்துக் கோடு நூறுக்கு இத்தன, அஞ்நூறுக்கு இத்தன. எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டேன். கடைசியா அவரு, "சில நல்ல நோட்டுகளைச் சிலர் கள்ள நோட்டு என்று நினைத்து விடுகிறார்கள், அதைப் பற்றி இப்போது"ன்னு ஆரம்பிச்சாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். கெட்டதக் கண்டுபிடிக்கத்தான போனேன்? நல்லதப் பத்தித் தெரிஞ்சு என்ன பண்ண?

அதுல இருந்து சந்தையில எல்லாரும் எங்கிட்டத்தான் வருவாக. "வீரணா, இதப் பாத்துக் குடு." பூக்காரம்மா வரும், டீக்கடைக்காரரு வருவாரு. நான் தூக்கிப் பிடிச்சா ஒரு கூட்டம் நிக்கும். வீட்டுலயும் அப்படித்தான். எம்பொண்டாட்டி ஒச்சம்மா பாலு காசு வாங்கிட்டு வந்தாலும் பாத்துட்டுத்தான் டப்பாவுல போட விடுவேன். "கட்டுன பொண்டாட்டியவே நம்பாத மனுசன்"ம்பா. "ஒன்னிய நம்புறேன், ஒங்கைக்கு வந்த நோட்ட நம்பல"ம்பேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

எனக்கு ஒரே மக, அனுசியா. நர்சுக்குப் படிச்சிருக்கு. அதுக்கு மாப்பிள்ள பாத்தோம். மாப்பிள்ள பேரு தினகரன், மதுரையில லேத்துப் பட்டற வெச்சிருக்கான். நல்ல பய. தப்புச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தப்ப அவன் பல்லப் பாத்தேன், வரிச, வெத்தல பாக்குக் கற கெடையாது. முதுகுல தட்டுற மாதிரித் தட்டிப் பாத்தேன், நல்ல உருப்படி. மகளுக்கும் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சிருந்துச்சுன்னா, அவன் வந்துட்டுப் போன அன்னைக்கு அது சாம்பார்ல உப்பே போடல. அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு.

பரிசம் போட நாள் குறிச்சோம். எங்க பக்கத்துல மாப்பிள்ள வீட்டுக்காரவுகதான் பொண்ணுக்குப் பரிசப் பணம் கொண்டாந்து வெப்பாக. தட்டுல சேல, தேங்கா பழம், வெத்தல, பூவு, நடுவுல பணம். பொண்ணோட அப்பன் அந்தத் தட்ட வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா, பொண்ணு அவுக வீட்டுக்குன்னு ஆச்சு. அதுக்கப்புறம் பேச்சுக் கெடையாது.

மாப்பிள்ளயோட அப்பா மலைராமன். அவரு மூக்காலதான் பேசுவாரு. "ம்ம்... சம்பந்தீ... தட்ட வாங்கிக்கங்க சம்பந்தீ..." இப்படித்தான். பந்தலு நெறஞ்சு சனம். எம்மச்சினன் அய்யங்காள, மகளுக்குத் தாய்மாமன், அவந்தான் பக்கத்துல நின்னான். நான் தட்ட வாங்குனேன். கண்ணுல ஒத்தத்தான் போனேன், சத்தியமா. அப்பப் பாத்துப் பந்தல் கீத்துச் சந்துல வெயிலு நேரா அந்தப் பணத்து மேல விழுகுது. என்னண்ணே பண்ண? கை தானாப் போயிருச்சு.

தட்ட மச்சினங்கிட்டக் குடுத்துட்டு, ஒரு அஞ்நூற எடுத்து வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சேன். மொதல்ல எல்லாரும் சிரிச்சாக. மலைராமனே சிரிச்சாரு. "ம்ம்... என்ன சம்பந்தீ... ஆட்டுக்குப் பல்லப் பாக்குற மாதிரிப் பாக்குறீக..." "பழக்கம் சம்பந்தி"ன்னேன். ரெண்டாவது எடுத்தேன். மூணாவது எடுக்கையில சிரிப்பு கொறஞ்சு போச்சு. ஒச்சம்மா என் இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுனா. விட்டேனா? ஆரம்பிச்சத முடிக்கணுமில்ல.

நாலாவதுல இருந்துச்சுண்ணே. நம்பரு இருக்கிற எடத்துல, எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவுல ஒரு நட்சத்திரம். சின்னதா, நம்ம புள்ளைக நோட்டுல டீச்சரு போடுற மாதிரி. நானும் எத்தனையோ நோட்டப் பாத்துருக்கேன், நட்சத்திரத்தப் பாத்ததில்ல. தொட்டேன், சொரசொரன்னு இருக்கு. சாச்சேன், நீலமாகுது. தூக்குனேன், காந்தி நிக்கிறாரு. ஓரத்துக் கோடு சரி. எல்லாமே சரி. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு. எல்லாத்தையும் சரியாச் செஞ்சவன் எதுக்குடா ஒரு நட்சத்திரத்தப் போட்டான்? பெரிய கையி வேலடா இதுன்னு தோணிப் போச்சு.

"இதுல நட்சத்திரம் இருக்கு"ன்னேன்.

மாப்பிள்ளயோட சித்தப்பன் ஒருத்தன், "நட்சத்திரமெல்லாம் ஜாதகத்துலயே பாத்துட்டம்ய்யா, பந்தியில எல போட்டாச்சு, முடிச்சு விடு"ன்னான். கூட்டம் சிரிச்சுச்சு. எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. "கள்ள நோட்ட வெச்சாய்யா எம்மகளக் கேக்க வந்திருக்கீக?"ன்னுட்டேன்.

அம்புட்டுத்தான். மேளக்காரன் தவில நிறுத்திட்டான்.

மலைராமன் மூக்கால பேசுறவரு, அன்னைக்கு வாயாலயே பேசுனாரு. "காலையில பேங்குல எடுத்த பணம்ய்யா. எம்பையன் ஒழச்ச காசு"ன்னாரு. "பேங்குல எடுத்தா மட்டும்? பேங்குல இருக்கிறவன் மனுசன்தான"ன்னேன். சரியாத்தான கேட்டேன்? அவரு சம்சாரம், துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுக் கெளம்புங்கன்னு சொல்லுச்சு. எல்லாரும் எந்திரிச்சுட்டாக. மாப்பிள்ளப் பய மட்டும் கொஞ்ச நேரம் நின்னான். என்னியப் பாக்கல. உள்ள வாசப்படியில எம்மக நின்னுச்சு, அதப் பாத்துட்டு நின்னான். அப்புறம் அவனும் போயிட்டான். அவசரத்துல எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனாக, இந்த ஒரு நோட்டு எங்கையிலயே தங்கிப் போச்சு. கெடா வெட்டிக் கொழம்பு வெச்சது அண்டா அண்டாவாக் கெடக்கு. தெரு நாயெல்லாம் ஒரு வாரத்துக்கு எங்க வீட்டு வாசல விட்டுப் போகல.

அன்னைக்கிருந்து எம்மக எங்கிட்டப் பேசுறதில்ல. சோறு போடும், தண்ணி வெக்கும், ஒரு வார்த்த கெடையாது. நான் கோமாளி வேசமெல்லாம் கட்டிப் பாத்தேன். ஆபீசரு மாதிரிப் பேசுனேன், வெள்ளாடு மாதிரிக் கத்துனேன். முன்னெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்ப செவுத்தப் பாக்குற மாதிரி என்னியப் பாக்குது.

சரி, நம்ம சொன்னது சரின்னு காட்டிட்டா புள்ள புரிஞ்சுக்கும்னு, நோட்டத் தூக்கிட்டு எங்க ஊருப் பேங்குக்குப் போனேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு. மிசினுக்குள்ள விட்டுச்சு, டர்ருன்னு அங்கிட்டு வந்துச்சு. "ஸார், இது ஜெனியுன் நோட்டு ஸார். அச்சடிக்கும்போது பழுதாகிற நோட்டுக்குப் பதிலாப் போடுறதுக்கு இந்த ஸ்டார் ஸார். ரிசர்வ் பேங்கே சொல்லிருக்காங்க ஸார்." இப்படிக் கழுத்த ஆட்டி ஆட்டிச் சொல்லுச்சு. ஒரு ஸாருக்கு ஒரு ஆட்டு. "அப்ப ஏம்மா நான் பாத்ததில்ல?"ன்னேன். "நீங்க பாக்காததெல்லாம் இல்லன்னு ஆயிருமா ஸார்?"ன்னுச்சு. வரிசையில நின்னவன்லாம் சிரிக்கிறான்.

அப்புறம் கேட்டுச்சு, "உங்க அக்கவுண்ட்ல போட்டுறட்டா ஸார்?" பாத்தீங்களா? போட்டுட்டா நோட்டு உள்ள போயிரும். சாட்சி போச்சு. எவ்வளவு நைசாக் கேக்குது பாருங்க. படக்குன்னு பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன். வெளிய வந்து விசாரிச்சா, மலைராமனுக்கு அதே பேங்குலதான் கணக்கு இருக்காம். கணக்குச் சரியாப் போச்சுல்ல?

டேசனுக்கும் போனேன். ஏட்டு நோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யோவ், கள்ள நோட்ட நல்ல நோட்டுன்னு மாத்த வர்றவனப் பிடிச்சிருக்கேன். நல்ல நோட்டக் கள்ள நோட்டுன்னு சொல்லிக் கேசு குடுக்க வர்ற மொத ஆளு நீதான்யா. போய்ப் பொழப்பப் பாரு"ன்னாரு. அவரு மலைராமனுக்கு ஒறவு இல்ல. விசாரிச்சுட்டேன். ஆனா ஒறவு இல்லாமயா அப்படிப் பேசுவாரு?

மாப்பிள்ளப் பயலும் ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தான். "மாமா, அந்த ஒரு நோட்டு வேணாம், வேற தர்றேன், எங்கப்பாவ நான் சமாதானப்படுத்திட்டேன்"ங்கிறான். பாருங்க, வேற தர்றேங்கிறான். தப்பு இல்லாதவன் எதுக்கு வேற தரணும்? "மொதல்ல இது பொய்யின்னு ஒத்துக்க, அப்புறம் பேசுவோம்"ன்னேன். அவன், "நல்ல நோட்ட எப்படி மாமா பொய்யின்னு சொல்றது?"ன்னான். அழுத்தக்காரப் பய. ஒச்சம்மா அவனுக்கு மோரு குடுத்து அனுப்புனா. வாசல் வரைக்கும் போயி என்னமோ குசுகுசுன்னு பேசிட்டு வந்தா. நான் கேட்டேன், "என்னடி பேசுன?" "இனிமே வராதன்னேன்"னா. எம்பொண்டாட்டி வெவரமானவண்ணே. அவ மட்டுந்தான் என் பக்கம்.

இல்ல, நெசமாத்தான். இன்னைக்கு நான் மதுரைக்குப் போறதே அவ யோசன. "இந்தா பாருங்க, இந்தச் சின்னப் பேங்குல என்ன தெரியும், மதுரையில பெரிய பேங்கு இருக்காம், பெரிய மிசினு இருக்காம், அங்க கொண்டு போய்க் காட்டுங்க"ன்னா. நான் நாளைக்குப் போறேன்னேன். "நாளைக்கெல்லாம் வேணாம், இன்னைக்கே போங்க, இன்னைக்கு நல்ல நாளு"ன்னு ஒத்தக் கால்ல நின்னா. முகூர்த்த நாளுண்ணே, பஸ்ஸுல பாருங்க, பூரா பட்டுச் சேல. விடியக் கருக்கல்ல எந்திரிச்சுப் புளிச்சோறு கட்டிக் குடுத்தா. பஸ்ஸுக்குக் காசு வேற குடுத்தா. வாங்கி வெளிச்சத்துல பாத்தேன். எப்பவும் வைவா, இன்னைக்குச் சிரிச்சா. "அவசரப்படாம இருந்து பாத்துட்டு, பொழுது சாய வாங்க"ன்னா. அம்புட்டுப் பாசம்.

எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் இன்னைக்குக் குலசாமி கோயிலுக்குப் பொங்க வெக்கப் போறாக. மச்சினன் அய்யங்காள வேன் கொண்டாந்து நிறுத்திட்டான். பொங்க வெக்க எதுக்குடா இம்புட்டுப் பெரிய வேனுன்னு கேட்டேன். நெரிசலு ஆகாது மாமான்னான். மகளுக்குக் கையி ரெண்டும் மருதாணி. வேண்டுதலாம். சாமிக்கு வேண்டிக்கிட்டு மருதாணி வெக்கிறத நான் இப்பத்தான் கேள்விப்படுறேன், ஆனா அதெல்லாம் பொம்பளைக விசயம், நம்ம கேக்கக் கூடாது. நான் கெளம்பும்போது எம்மக வாசல்ல வந்து நின்னு என்னியப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. வழக்கமா உள்ள போயிரும். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோசம்.

இருங்கண்ணே, போன் அடிக்குது. ஒச்சம்மாதான்.

அலோ. ஆங், சொல்லு. செக்கானூரணி தாண்டிருச்சு... என்னது? ஒண்ணும் கேக்கல, மேளச் சத்தமா இருக்கு... கோயில்ல கல்யாணமா? எவன் வீட்டுக் கல்யாணம்?... சரி, எவன் வீடா இருந்தா நமக்கென்ன. பொங்க பொங்கிருச்சா?... யாரு? அனுசியாவா? பேசணுங்குதா? குடு, குடு.

தாயி. சொல்லு தாயி... இன்னும் சாப்பிடல தாயி, போயிச் சாப்பிடுறேன்... என்னது?... எதுக்குத் தாயி இப்ப?... சும்மாவா? சும்மா யாராச்சும் ஆசீர்வாதம் கேப்பாகளா?... சரி சரி. நல்லாரு தாயி. மகராசியா இரு. புள்ள குட்டியோட நல்லாரு... ஏன் அழுகுற?... பொகையா? தள்ளி நில்லு தாயி, காத்து அடிக்கிற பக்கமா நிக்காத... அலோ. அலோ.

வெச்சுருச்சு. மேளச் சத்தத்துல என்ன கேக்கும்.

பாத்தீங்களாண்ணே. அம்புட்டு நாளாப் பேசாத புள்ள. அப்பான்னு கூப்புட்டுச்சு. நல்லாருன்னு சொல்லுங்கப்பாங்குது. நான் பேங்குக்குப் போறேன்னு தெரிஞ்ச ஒடனே மனசு எறங்கிருச்சு பாருங்க. அப்பன் சொன்னது சரியாத்தான் இருக்கும்னு புள்ளைக்கு இப்பப் புரிஞ்சிருக்கு.

என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க? என்ன? எறங்கவா? நான் எதுக்குண்ணே இங்க எறங்கணும்? எதுக்க வர்ற பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிக் கோயிலுக்குப் போகவா? பொங்கலுக்கா? அதான் அம்புட்டுப் பேரும் போயிருக்காகளே. நான் பேங்குக்குல்ல போறேன். இன்னும் நேரம் இருக்கா? எதுக்கு நேரம் இருக்கு?

கையப் பிடிக்காதீங்க. விசில் அடிக்கச் சொல்லாதீங்க. கண்டக்டரே, அவரு சும்மா சொல்றாரு, நீங்க போங்க.

அண்ணே, நானும் அப்பப் பிடிச்சு ஒங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாங் கேக்காமயே ஜன்னலோரம் எடம் போட்டீங்க. நான் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டுனீங்க, நடுவுல ஒரு வார்த்த பேசல. இப்ப பேங்கு கிட்டத்துல வரவும் எறங்கு எறங்குங்கிறீங்க. நீங்க எந்த ஊரு? மலைராமனுக்கு நீங்க என்ன வேணும்? நல்ல மனுசன்னு நெனச்சு எம்மக விசயம் பூராத்தையும் கொட்டிட்டேன் பாருங்க.

கொஞ்சம் முழங்கால ஒதுக்குங்க. நான் முன்னாடி டிரைவரு பக்கத்துல போயி நிக்கிறேன். இல்லண்ணே, ஒங்க காசு எனக்கு வேணாம், ஆட்டோவுக்கெல்லாம் வேணாம், உள்ள வைங்க. இந்த நோட்டு மட்டும் இன்னைக்குப் பொய்யின்னு ஆகட்டும், நாளைக்கே எம்மகளுக்கு வேற மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிருவேன்.